எகிப்துக்குப் போகலாமா?

சென்ற ஆண்டு மாரி காலத்திலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து நாம் வீடு திரும்பிய சிறிது நேரத்தில், எமக்கு நன்கு அறிமுகமான ஓர் அண்ணனும் தங்கையும் எம்மைத் தேடி வந்தனர். வழக்கமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகள், அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே விறாந்தையில் அமர்ந்தனர். தங்கையின் கையில் அவர்களுடைய குடும்ப வேதாகமம் இருந்தது. அதனுள்ளே இரண்டு இடங்களில் கடதாசித் துண்டுகள் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தன.

விடயம் இதுதான். அண்ணனைக் கனடாவுக்கு அனுப்பி வைப்பதாக முகவர் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்கு அவர் கேட்டது பெருந்தொகை. குடியிருக்கும் வீட்டின் உறுதியை ஈடு வைத்தாலன்றி அத்தொகையைப் புரட்ட வேறு வழியில்லை. தகப்பனார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயாருக்கு முழங்கால் வருத்தம். தங்கைக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. போவதா, நிற்பதா என்று பல நாள் வாதாடிக் களைத்த பின், "கடவுளிடமே கேட்போம்" என்று அண்ணன் தீர்மானித்தான். ஓரிரவு ஜெபம் பண்ணிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு வேதாகமத்தை விரித்து, பக்கத்தின்மேல் விரலை வைத்தான். ஆபிராம் தன் தேசத்தையும் இனத்தாரையும் விட்டுப் புறப்படவேண்டுமென்று ஆண்டவர் அழைக்கும் பகுதி, ஆதியாகமம் 12ஆம் அதிகாரம், விரலின் கீழே இருந்தது. இதைவிடத் தெளிவான உத்தரவு வேறென்ன வேண்டும் என்று அவன் மகிழ்ந்துபோனான்.

மறுநாள் இரவு தங்கை அதே வேதாகமத்தை எடுத்தாள். அதே விதமாகக் கண்களை மூடி விரித்தாள். கணவனை இழந்த ரூத், தன் மாமியாராகிய நகோமியைத் தனியே விட்டுப் பிரிய மறுக்கும் பகுதி அவளுக்குக் கிடைத்தது. மருமகளே மாமியாரை விட்டுப் போகாதபோது, பெற்ற மகன் தாயை விட்டுப் போகலாமா என்பது அவளுடைய வாதம்.

"ஐயா, இரண்டும் வேதவசனந்தானே? இவற்றுள் எது கடவுள் எங்களுக்குச் சொன்ன வார்த்தை?" என்று அண்ணன் எம்மைக் கேட்டான்.

அன்பார்ந்த நேயர்களே, இப்பிள்ளைகளைப் பார்த்து நகைப்பது எளிது. ஆயினும் நாம் நகைக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலும், மகளுக்குச் சம்பந்தம் பேசும் வேளையிலும், வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் போதும், எம்மிற் பலர் இவ்வாறு கண்மூடி வேதத்தைத் திறந்தவர்களே. கலங்கிய உள்ளம் உடனடியான விடையைத் தேடுகின்றது. ஒரே வசனத்தில் விடை கிடைத்துவிட்டால் சிந்திக்கும் பாரமும் முடிவெடுக்கும் பொறுப்பும் எம் தலையைவிட்டு இறங்கிவிடும் அல்லவா?

இவ்வழக்கம் புதியதன்று. இதற்கு ஆதாரமாகப் பெரியார் அகுஸ்தீனின் வரலாற்றைப் பலர் எடுத்துக்காட்டுவர். கி.பி. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அவர் மனம் நொந்து அழுதுகொண்டிருந்தார். நூலை எடுத்து வாசிக்கும்படி சொல்வதுபோன்ற ஒரு குழந்தைக் குரல் அவர் செவியில் விழுந்தது. பவுலின் நிருபங்களைத் திறந்தார், ரோமர் 13ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி கண்ணிற் பட்டது, வாழ்வு மாறியது. இது உண்மை வரலாறே. ஆயினும் இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர்.

முதலாவது, அகுஸ்தீன் அன்று தமது வருங்காலத்தை அறிய விரும்பி அந்நூலைத் திறக்கவில்லை. விட்டொழிக்க வேண்டியதென்று அவர் நெடுநாளாக அறிந்திருந்தும் விடமுடியாதிருந்த இச்சை வாழ்வைத்தான் அப்பகுதி சுட்டியது. பவுலின் நிருபங்களும் அவருக்கு அன்றுதான் அறிமுகமானவையல்ல; அவர் முன்னரே கருத்தூன்றிக் கற்றுவந்தவை. இரண்டாவது, பின்னாளில் ஆயரானபின் யனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதமொன்றில், உலக காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறிபார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று அவரே எழுதியுள்ளார். கி.பி. 506இல், இன்றைய பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலுள்ள ஆக்து என்னும் ஊரிற் கூடிய திருச்சபைச் சங்கமும் இவ்வாறு குறிபார்ப்பதைத் தடைசெய்தது.

திருச்சபை ஏன் தடுத்தது? வேதாகமத்தின்மீது நம்பிக்கை குறைந்ததாலா? அன்று. வேதாகமத்தை முழுமையாக வாசித்தவர்களுக்கு இதன் காரணம் தானே விளங்கும். எகிப்துக்குப் போகலாமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஈசாக்கின் காலத்திலே நாட்டில் பஞ்சம் உண்டானது. எகிப்துக்குப் போகவேண்டாம் என்று ஆண்டவர் அவரைத் தடுத்தார். இது ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். அவருடைய மகன் யாக்கோபின் முதுமையிலும் பஞ்சம் உண்டானது. எகிப்துக்குப் போக அஞ்சவேண்டாம் என்று அதே ஆண்டவர் அவரைத் தேற்றினார்; இது 46ஆம் அதிகாரம். பல நூற்றாண்டுகளின் பின், ஏரோதுவின் வாளுக்குத் தப்பும்படி குழந்தை இயேசுவையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போகும்படி யோசேப்புக்குக் கட்டளை பிறந்தது. தந்தைக்கு வேண்டாம் என்ற ஊர் மகனுக்கு வழியாயிற்று; மகனுடைய வழித்தோன்றலுக்கு அடைக்கலமாயிற்று. இம்மூன்றிலும் எந்த வசனத்தின்மேல் எமது விரல் விழுகின்றதோ அதுவே எமக்கு உத்தரவு என்றால், கடவுளின் சித்தம் எமது விரல்நுனியின் தற்செயலுக்கு அடிமையாகிவிடும்.

வசனத்தைத் தனியே பிரித்தெடுப்பதில் இன்னுமோர் ஆபத்து உண்டு. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில், ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியிலே நிறுத்திய சோதனைக்காரன் என்ன செய்தான்? வேதவசனத்தையே எடுத்துச் சொன்னான். 91ஆம் சங்கீதத்தின் வாக்குறுதியைக் காட்டி, கீழே குதிக்கும்படி தூண்டினான். வசனம் மெய்யானதே, அதை எடுத்த நோக்கந்தான் பொய். ஆண்டவர் உபாகமத்தைக் கொண்டு அவனுக்கு விடையளித்தார். ஒரு வசனத்தின் பொருளை மற்றைய வசனங்களோடு சேர்த்து நிறுக்கவேண்டும் என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் இடம் வேறில்லை.

இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, அன்றிரவு உன் விரலின் கீழே ஆபிராமின் பகுதி வராமல் ரூத்தின் பகுதி வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?"

அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, "இன்னொருமுறை திறந்திருப்பேன், ஐயா" என்றான். தங்கை சிரித்துவிட்டாள். சிரித்த மறுகணமே, "நானும் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த நேர்மையான சொல்லைக் கேட்டபோது எமக்கு எரேமியா தீர்க்கதரிசியின் காலத்து மக்கள் நினைவுக்கு வந்தனர். பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எஞ்சியிருந்த ஒரு கூட்டத்தார் அச்சத்தினால் எகிப்துக்கு ஓட எண்ணினர். புறப்பட்டும் விட்டனர். பெத்லெகேமுக்கு அருகே, எகிப்துக்குப் போகும் வழியிலே தங்கியிருந்து, எரேமியாவிடம் வந்து கடவுளின் சித்தத்தைக் கேட்டுச் சொல்லும்படி வேண்டினர். மறுமொழி எதுவாயினும் கீழ்ப்படிவோம் என்று வாக்குறுதியும் கொடுத்தனர். பத்து நாட்களின் பின் மறுமொழி வந்தது: நாட்டிலேயே தங்கியிருங்கள் என்பதே அது. உடனே அவர்கள் தீர்க்கதரிசியைப் பொய்யன் என்றனர், எகிப்துக்கே போயினர், எரேமியாவையும் தம்மோடு கொண்டுபோயினர். இச்சரிதம் எரேமியாவின் நூலில் 42ஆம், 43ஆம் அதிகாரங்களிற் காணப்படுகின்றது.

இவர்களுடைய குற்றம் எகிப்துக்குப் போனது மட்டுமன்று. மூட்டை கட்டி வழியிலே இறங்கிய பின்னரே இவர்கள் கடவுளின் சித்தத்தைக் கேட்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது வழிகாட்டல் அன்று. தாம் முன்பே எடுத்த முடிவுக்கு ஒரு முத்திரை. எமது வீடுகளிலும் இதுதான் நடக்கின்றது. நாம் விரும்பும் வசனம் வரும்வரைக்கும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டேயிருந்துவிட்டு, அதன்பின் கடவுள் பேசினார் என்கின்றோம்.

அப்படியாயின் வேதாகமம் அன்றாட வாழ்வுக்கு வழிகாட்டாதா? நிச்சயமாக வழிகாட்டும். அது எவ்விதம் வழிகாட்டுகின்றது என்பதை 119ஆம் சங்கீதம் ஓர் உவமையாற் புலப்படுத்துகின்றது. 176 வசனங்களைக் கொண்ட அந்நெடிய சங்கீதம், ஆண்டவருடைய வசனத்தைக் காலடிக்கு ஒளிகாட்டும் விளக்குக்கு ஒப்பிடுகின்றது. அக்காலத்து விளக்கு எத்தகையது? உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். சிறிது ஒலிவ எண்ணெய். ஒரு சணல் திரி. காற்றடித்தால் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அதன் வெளிச்சத்தில் ஊரின் எல்லை தெரியாது. அடுத்த அடி வைக்கும் இடத்திலே கல் கிடக்கின்றதா, குழி இருக்கின்றதா என்பது தெரியும். அந்த அடியை வைத்தவனுக்கே அதற்கடுத்த அடி தெரியும். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பவனுக்கு அது வேறொன்றையும் காட்டாது.

ஆகையால் நாம் அப்பிள்ளைகளுக்கு ஒரு யோசனை கூறினோம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள் உள்ளன. இரவுக்கு ஓர் அதிகாரமாக, தாயாரையும் அருகில் இருத்திக்கொண்டு, மூவரும் வாசியுங்கள். நாளைக்கு எனக்கு என்ன நடக்கும் என்று அதனிடம் கேட்காதீர்கள். இன்றைக்கு நான் செய்யவேண்டியது என்ன என்று கேளுங்கள். அந்தப் பதினாறு இரவுகளும் வெளிநாட்டுப் பேச்சை எடுக்காதீர்கள். முகவருக்கும் மறுமொழி சொல்லாதீர்கள். இவ்வளவே நாம் சொன்னது.

ஏழாம் இரவு ஏழாம் அதிகாரம் வந்தது. அதிலே ஆண்டவர், மதத்தின் பெயரால் பெற்றோரைக் கைவிட்டவர்களைக் கண்டிக்கின்றார். அக்காலத்திற் சிலர், தாய் தந்தையருக்கு உதவவேண்டிய தம் பொருளைக் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து தப்பிக்கொண்டனர். கொர்பான் என்பது அந்த நேர்த்திக்குப் பெயர். கடவுளின் பெயரைச் சொல்லிக் கடவுளின் கட்டளையையே அவமாக்கியவர்கள் என்று ஆண்டவர் அவர்களைச் சாடினார்.

அண்ணன்தான் அன்று வாசித்தான். வாசித்து முடித்தவன் புத்தகத்தை மூடாமல் இருந்தானாம். பிறகு தாயாரின் பக்கம் திரும்பி, "அம்மா, இந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். வெளிநாட்டுப் பேச்சை எடுக்கவேண்டாம் என்ற எமது விதியை அவன் மீறினான், மீறியது நன்றாயிற்று. ஏனெனில், பல மாதங்களாக அந்த வீட்டில் நடந்த விவாதத்திலே, தாயாரை எவரும் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை!

தாயார் சொன்னதை அவர் சொன்னபடியே தருகின்றோம்: "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி. நீ போறதை நான் மறிக்கமாட்டன். ஆனா கொப்பா கட்டின வீட்டை ஈடு வைச்சுப் போகாதை. கடனோடை போற பிள்ளை நித்திரை கொள்ளாது, நானும் கொள்ளமாட்டன்."

அன்றிரவு தங்கையும் தன் உள்ளத்தைத் திறந்தாள். தாயாரின் தனிமைக்காகவே தான் வாதாடுவதாக அவள் எண்ணியிருந்தாள். உண்மையில், அண்ணன் போய்விட்டால் வீட்டுப் பாரம் முழுவதும் தன் தலையில் விழும், தன் படிப்பு நின்றுபோகும் என்ற பயமே அவளை ஆட்டியது. ஆபிராமின் பின்னே அண்ணன் ஒளிந்திருந்தான். ரூத்தின் பின்னே தங்கை ஒளிந்திருந்தாள். தன் நேர்த்தியின் பின்னே ஒளிந்தவனைப் பற்றிய பகுதி இருவரையும் வெளியே கொண்டுவந்தது. தற்செயலாகத் திறந்திருந்தால் இவ்விருவரும் அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போயிருப்பர். வரிசையாக வாசித்தபடியாற் தாண்டமுடியவில்லை.

அதன்பின் மூவரும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தனர். கோபுரம் கட்ட விரும்புகின்றவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பதும் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய உவமையன்றோ? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, போன இடத்தில் உழைப்புக் கிடையாவிட்டால் வீட்டுக்கு என்ன கதி என்று எழுதிப் பார்த்தனர். முகவரின் வழி நேர்வழிதானா என்பதையும் விசாரித்தனர். விசாரித்த இடங்களில் கிடைத்த விடை திருப்தியாக இல்லை. உறுதியை ஈடு வைக்கும் எண்ணம் அத்தோடு கைவிடப்பட்டது. அண்ணன் இப்போது மின்னியல் தொழிற்பயிற்சி ஒன்றிற் சேர்ந்து பயில்கின்றான்.

ஆகவே, வெளிநாடு போகக்கூடாது என்று கடவுள் சொன்னார் என நாம் கூற வருகின்றோமா? இல்லை. பயிற்சி முடித்து, தொழில் கையில் இருக்க, சட்டப்படியான வழி திறந்தால் அவன் நாளை போகவும் கூடும். போனாலும் நின்றாலும் மாறாத மூன்று கடமைகளை வேதம் அவனுக்குக் காட்டியது. தாயைக் கேளாமல் தாயைப் பற்றி முடிவெடுக்காதே. பிறருடைய இருப்பிடத்தைப் பணயம் வைத்து உன் வழியைத் தேடாதே. பாரத்தை உடன்பிறந்தவளின் தோளில் இறக்கிவிட்டுப் போகாதே. சிலுவையின் வேதனையிலும் தம் தாயை அன்புச் சீடனிடம் ஒப்படைத்துச் சென்றவரின் அடியார்களுக்கு இம்மூன்றும் புதிய பாடங்கள் அல்ல. தெரிந்த பாடங்களே, நாம் பார்க்க விரும்பாத பாடங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விஞ்ஞானம் படிப்பதா, வர்த்தகம் படிப்பதா என்று வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்காதீர்கள். எல்லா விடயங்களுக்கும் வேதம் கட்டளை பிறப்பிப்பதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் பவுலடியாரே, இது ஆண்டவரின் கட்டளை, இது எனது அபிப்பிராயம் என்று பிரித்துக் காட்டுகின்றார். கட்டளையில்லாத இடத்தில் சிந்திக்கும் அறிவையும், பெற்றோர் ஆசிரியரின் ஆலோசனையையும் கடவுள் தந்திருக்கின்றார். தானியேலைப் பாருங்கள். எந்தப் பாடத்தைப் படிப்பது என்று தெரிந்தெடுக்கும் சுதந்திரம் சிறைப்பட்ட அவ்விளைஞனுக்கு இல்லை. அந்நியருடைய மொழியையும் கல்வியையும் மூன்று ஆண்டுகள் பயிலும்படி விதிக்கப்பட்டது. அவன் நன்றாகப் பயின்றான். ஆயினும் மனச்சாட்சிக்கு மாறான உணவை மாத்திரம் மறுத்துவிட்டான். எதைப் படித்தாலும் நேர்மையாகப் படிப்பது, பரீட்சை மண்டபத்தில் அடுத்தவன் தாளைப் பாராதிருப்பது, பின்தங்கிய தோழனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவற்றில் வேதத்தின் சித்தம் எது என்று எவரும் குறிபார்க்கத் தேவையில்லை.

எமது கையிலுள்ள இத்தமிழ் வேதாகமம் இலேசாகக் கிடைத்த பொருளன்று. இலங்கைத் தமிழரான பிலிப்பு தெ மெல்லோ பாதிரியார் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து, சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வேற்றுச் சமயத்தவராயிருந்தும் நாவலர் அப்பணிக்குத் தம் புலமையை வழங்கினார். ஒரு சொல்லுக்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேடி இத்தகையோர் வருடக்கணக்காக உழைத்திருக்க, நாமோ கண்களை மூடிக்கொண்டு அதைத் திறக்கின்றோம்! கண்களைத் திறந்து, முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பதன்றோ அவ்வுழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதை?

இவ்வாரம் நேயர்கள் தங்கள் இல்லங்களிலே ஒன்று செய்து பார்க்கும்படி வேண்டுகின்றோம். இராப்போசனத்தின் பின் பத்து நிமிடங்கள் தொலைபேசிகளை அப்புறம் வைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் ஒரு சுவிசேஷத்தின் ஓர் அதிகாரத்தை வாசியுங்கள். வாசித்தபின், எமது வீட்டில் நாம் இன்னும் கேளாமல் விட்ட ஒருவர் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் அப்பிள்ளைகளின் வீட்டுக்குப் போயிருந்தோம். மேசைமேல் அதே வேதாகமம் இருந்தது. பழைய இரண்டு கடதாசித் துண்டுகளையும் அதிற் காணவில்லை. ஒரேயொரு துண்டு இருந்தது. மாற்கு முடிந்து, லூக்காவும் முடிந்து, அப்போஸ்தலர் நடபடிகளின் நடுவே. "இரவு நிறுத்தின இடம், ஐயா" என்றார் தாயார். ஆண்டவர் அவ்வீட்டையும், உங்கள் ஒவ்வொருவரின் வீட்டையும் காத்தருள்வாராக.